நோயாளிக்குப் பிசியோதெரபி கிடைக்கத் தடையாக இருக்கும் விதியை மாற்றக் கோருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலைக்கானது. பிசியோதெரபி தேவைப்படும் நோயாளி அதைப் பெற முடியாதபடி ஒரு விதியோ, கட்டண முறையோ, நிர்வாக ஏற்பாடோ குறுக்கே நிற்கிறது. அதை மாற்றும் அதிகாரம் உள்ளவரிடம் ஆய்வுச் சான்றோடு ஒரு முன்மொழிவை வைக்க வேண்டும். அதற்கான படிகளை, எந்த வரிசையில் செய்தால் உழைப்பு வீணாகாதோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

வரிசையை வலியுறுத்தக் காரணம் உண்டு. புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளைச் சேகரிப்பதில் தொடங்குகிறார்கள். கட்டுக்கட்டாகப் படித்து முடித்த பிறகுதான், தடை தாங்கள் நினைத்த இடத்தில் இல்லை என்பதும், மனுவைப் பெறுபவருக்கு அந்த விதியை மாற்றும் அதிகாரமே இல்லை என்பதும் தெரிய வருகிறது. அதற்குள் பல மாதங்கள் போய்விடுகின்றன. அந்த மாதங்களில் காத்திருந்தது நோயாளி.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், தடையை அன்றாடம் பார்க்கும் இரண்டு பேர் தேவை. ஒருவர் சிகிச்சை அளிப்பவர், மற்றவர் அந்தச் சிகிச்சைக்காக அலைந்த நோயாளி அல்லது அவரைக் கவனித்துக்கொள்பவர். நோயாளியைக் கடைசியில் ஒரு கையெழுத்துக்காக மட்டும் அழைக்காதீர்கள். எந்தத் தடை பெரியது என்பதில் சிகிச்சையாளரின் கணிப்பும் நோயாளியின் அனுபவமும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை.

அடுத்து, உங்கள் மையத்தின் பதிவேடுகளைப் பயன்படுத்த எழுத்துமூலமான அனுமதி வேண்டும். பெயர் நீக்கிய எண்ணிக்கையாக இருந்தாலும் முன்கூட்டியே கேளுங்கள். பின்னால் கேட்டு மறுப்பு வந்தால் முன்மொழிவின் நடுப்பகுதியே சரிந்துவிடும்.

கட்டணமின்றிப் படிக்கக்கூடிய ஆய்வுத் தரவுத்தளங்கள் இரண்டு போதும். ஒன்று பெட்ரோ. சிட்னியில் 1999-இல் தொடங்கப்பட்ட இது பிசியோதெரபி ஆய்வுகளுக்கென்றே உள்ள தொகுப்பு. மற்றொன்று பப்மெட், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்கான பொதுத் தொகுப்பு. கட்டண மென்பொருள் எதுவும் தேவையில்லை.

## 1. தடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘மக்களுக்குப் பிசியோதெரபி கிடைப்பதில்லை’ என்ற வாக்கியத்தை வைத்து எதையும் மாற்ற முடியாது. யாருக்கு, எந்த நிலையில், எந்தக் கட்டத்தில், எதனால் கிடைப்பதில்லை என்று எழுதினால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

மருத்துவச் சேவை மக்களைச் சென்றடைவதைப் பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள். போதிய சேவை இருக்கிறதா? நோயாளி அதை அடையக்கூடிய தூரத்தில் இருக்கிறதா? நேரமும் முன்பதிவு முறையும் அவருக்கு ஒத்துவருகிறதா? செலவு தாங்குமா? சேவையும் நோயாளியும் ஒருவரையொருவர் ஏற்கிறார்களா? உங்கள் சிக்கல் இந்த ஐந்தில் எதில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்றில் விழுந்தால் அவை ஒவ்வொன்றும் தனித் தடை. தனித்தனி வாக்கியமாக எழுதி, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நல்ல வாக்கியம் இப்படி இருக்கும்: ‘மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம் என்பதால், புதிதாக முதுகுவலி வந்தவர்கள் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும் முன் இரண்டு சந்திப்புகளுக்குப் பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள்.’ இதில் நோயாளி யார், தடை எது, இழப்பு என்ன என்ற மூன்றும் இருக்கின்றன.

இந்தப் படியில் அடிக்கடி காணும் தவறு, தொழிலின் குறையை நோயாளியின் குறையாக எழுதுவது. பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஊதியம் குறைவு, மதிப்பு கிடைப்பதில்லை என்பவை உண்மையான சிக்கல்கள்தான். அவற்றுக்குத் தனி மனு எழுதலாம். நோயாளி அணுகல் பற்றிய முன்மொழிவில் அவை கலந்துவிட்டால், படிப்பவர் முழுவதையும் சங்கக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்வார்.

## 2. விதியின் மூல வாசகத்தைத் தேடிப் படியுங்கள்

‘விதி அப்படித்தான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த விதி, எந்தப் பிரிவு என்று கேட்டால் பதில் வராது. மூல வாசகத்தைப் படிக்காமல் நகராதீர்கள். ஒரே கதவில் பல பூட்டுகள் தொங்குவதைப் போல, ஒரே தடைக்குப் பின்னால் சட்டம், பதிவு வாரியத்தின் விதி, காப்பீட்டாளரின் நிபந்தனை, மருத்துவமனையின் உள்நடைமுறை, வெறும் பழக்கம் என ஐந்து அடுக்குகள் இருக்கக்கூடும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால் நோயாளி வெளியேதான் நிற்பார்.

அமெரிக்காவைப் பாருங்கள். பரிந்துரையின்றி நேரடியாகப் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும் உரிமை அங்கே 50 மாநிலங்களிலும் ஏதாவதொரு வடிவில் சட்டமாக இருக்கிறது. ஆனால் சில மாநிலங்களில் அதற்கு நாள் வரம்போ சந்திப்பு வரம்போ உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டம் பணம் கொடுக்க வேண்டுமானால், சிகிச்சைத் திட்டத்துக்கு மருத்துவரின் சான்று வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் பணம் கொடுப்பவரின் நிபந்தனை தனியாக நிற்கிறது. மாநிலச் சட்டத்தை மட்டும் படித்து முன்மொழிவு எழுதுபவர் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அதே மெடிகேரில், நோயாளியின் நிலை மேம்படாவிட்டால் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது என்ற நம்பிக்கை நீண்ட காலம் நிலவியது. பார்க்கின்சன் நோய் போன்று படிப்படியாக மோசமாகும் நிலையில் உள்ளவர்களுக்கு இதனால் சிகிச்சை மறுக்கப்பட்டது. 2013 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்ற சமரசத் தீர்வு, நிலை மேம்படுமா என்பது அளவுகோல் அல்ல என்று தெளிவுபடுத்தியது. தேர்ந்த சிகிச்சையாளரின் திறன், உள்ள நிலையைக் காக்கவோ சரிவைத் தாமதப்படுத்தவோ தேவைப்பட்டால் அதற்கும் பணம் உண்டு. புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. நடைமுறையில் ஊறிப்போன தவறான வாசிப்புதான் திருத்தப்பட்டது.

ஆகவே, மூல வாசகத்தைப் படித்த பிறகு தடை வெறும் பழக்கம் என்று தெரிந்தால் மகிழுங்கள். கேட்க வேண்டியது ஒரு விளக்கச் சுற்றறிக்கை மட்டுமே. பாதி வேலை முடிந்துவிட்டது.

## 3. யார் மாற்ற முடியும், எப்போது மாற்ற முடியும் என்று கண்டுபிடியுங்கள்

அடுக்கு தெரிந்தால் முடிவெடுப்பவர் யார் என்பதும் தெரியும். சட்டம் என்றால் சட்டமன்றம். பிசியோதெரபிஸ்ட் எதைச் செய்யலாம் என்ற தொழில் எல்லை என்றால் பதிவு வாரியம். கட்டணம் என்றால் காப்பீட்டாளர் அல்லது அரசின் நிதிப் பிரிவு. உள்நடைமுறை என்றால் துறைத் தலைவர். இவர்களில் மிகக் கீழே உள்ளவரிடமிருந்து தொடங்குங்கள். துறைத் தலைவரின் ஒரு கையெழுத்தில் முடியக்கூடியதை அமைச்சர் வரை கொண்டுபோனால், அது திரும்பித் துறைத் தலைவரிடமே வரும். அப்போது அவர் உங்களை நட்போடு பார்க்க மாட்டார்.

நாட்காட்டியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டண விகிதங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் திருத்தப்படுகின்றன. வரைவு விதி வெளியாகிக் கருத்துக் கேட்கப்படும் காலம் சில வாரங்களே. அதைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல சான்றும் அடுத்த ஆண்டுக்குத்தான்.

## 4. தடையை ஆய்வுக் கேள்வியாக மாற்றுங்கள்

எந்த நோயாளி, எந்த மாற்றம், எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்ற நான்கையும் நிரப்புங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது இப்படி வரும்: புதிதாக முதுகுவலி வந்த பெரியவர்கள், பரிந்துரையின்றி நேரடிச் சந்திப்பு, பரிந்துரையோடு வருவதுடன் ஒப்பீடு, விளைவாக இயக்கத் திறனும் மொத்தச் செலவும் பாதுகாப்பும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘இந்தப் பயிற்சி பலன் தருமா’ என்பது சிகிச்சைக் கேள்வி. ‘இந்த ஏற்பாட்டை மாற்றினால் நோயாளிக்கு என்ன ஆகும்’ என்பது கொள்கைக் கேள்வி. முன்மொழிவுக்குத் தேவை இரண்டாவது. முதலாவதைப் பற்றிய கட்டுரைகளை அடுக்கிவிட்டு இரண்டாவதற்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பரவலான பிழை. உடற்பயிற்சி முதுகுவலிக்கு நல்லது என்று எத்தனை ஆய்வு காட்டினாலும், பரிந்துரைக் கடிதத்தை நீக்குவது பாதுகாப்பானது என்று அதனால் நிறுவப்படாது.

## 5. சான்றை மேலிருந்து கீழாகத் தேடுங்கள்

முதலில் சிகிச்சை வழிகாட்டு நெறிகள், அடுத்து முறைசார் மீளாய்வுகள், அதாவது ஒரே கேள்வி பற்றிய ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுத்து மதிப்பிடுபவை, அதன் பிறகே தனி ஆய்வுகள். மீளாய்வு ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தால், அதில் அடங்கிய ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் தோண்டுவது நேர விரயம். மீளாய்வு வெளியான ஆண்டுக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் தனியே தேடினால் போதும்.

தேடிய சொற்கள், தேடிய நாள், கிடைத்த எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உங்களுக்கு எதிரான முடிவு சொல்லும் ஆய்வுகளையும் அதே கோப்பில் சேருங்கள். அவற்றை எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும். முதலில் அவற்றை எடுத்து வைப்பவர் நீங்களாக இருந்தால் உங்கள் மற்றக் கூற்றுகளையும் நம்புவார்கள்.

## 6. சான்றை எடைபோடுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது.

பெட்ரோவில் சமவாய்ப்புச் சோதனைகளுக்கு, அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஆய்வுகளுக்கு, தரமதிப்பெண் இருக்கும். அளவுகோலில் 11 கூறுகள். முதல் கூறு கணக்கில் சேராது என்பதால் மொத்தம் 10. புதியவர்கள் 7 மதிப்பெண் பெற்ற ஆய்வைச் சுமாரானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பயிற்சி அளிப்பவரும் பெறுபவரும் எந்தச் சிகிச்சை என்று அறியாமல் இருக்கச் செய்வது உடற்பயிற்சி ஆய்வில் ஏறக்குறைய இயலாத காரியம். அதனால் இரண்டு மதிப்பெண்கள் தொடக்கத்திலேயே போய்விடும். இந்தத் துறையில் 7 நல்ல மதிப்பெண்.

மதிப்பெண்ணைப் பார்த்தபின் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

விளைவு சதவீதமா, எண்ணிக்கையா? முதியோர் விழுவதைத் தடுக்கும் உடற்பயிற்சி பற்றி, மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் 2019 மீளாய்வு, பயிற்சி செய்தவர்களிடம் விழும் வீதம் 23 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அதே மீளாய்வு இதை வேறு விதமாகவும் சொல்கிறது. 1,000 பேரை ஓர் ஆண்டு கவனித்தால் 850 முறை விழுவார்கள் என்று வைத்துக்கொண்டால், பயிற்சி பெற்ற 1,000 பேரிடம் 195 முறை குறையும். முடிவெடுப்பவருக்கு இரண்டாவது வடிவத்தைக் கொடுங்கள். அவர் அதைத் தம் பகுதியின் முதியோர் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்க முடியும்.

ஆய்வு உண்மையில் எதை ஒப்பிட்டது? மூட்டுத் தேய்மானத்தோடு முழங்கால் சவ்வுக் கிழிசலும் உள்ள 351 பேரை வைத்து 2013-இல் வெளியான மீட்டியர் ஆய்வு, அறுவை சிகிச்சையோடு பிசியோதெரபி பெற்றவர்களுக்கும் பிசியோதெரபி மட்டும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் ஆறு மாதத்தில் இயக்கத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. இதை வைத்து ‘அறுவை சிகிச்சை தேவையே இல்லை’ என்று எழுதுபவர்கள் உண்டு. பிசியோதெரபி மட்டும் ஒதுக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் அந்த ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். இந்த ஆய்வு தாங்கும் கொள்கை வேறு: முதலில் பிசியோதெரபி, போதாதவர்களுக்குப் பிறகு அறுவை சிகிச்சை. இதுவே வலுவான கோரிக்கை. எலும்பு மருத்துவர்களும் எதிர்க்கக் காரணம் இருக்காது.

அதிகம் என்றால் நல்லதா? பக்கவாத நோயாளிகளை 24 மணி நேரத்துக்குள், அடிக்கடி எழுப்பி நடமாட வைப்பது பலன் தரும் என்று பலரும் நம்பினார்கள். 2,104 பேரை வைத்து நடந்த அவெர்ட் ஆய்வு 2015-இல் வெளியானது. மூன்று மாத முடிவில் நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம், மிக விரைவான தீவிரப் பயிற்சியில் 46 சதவீதம். பக்கவாதத்துக்கு மறுவாழ்வு சிகிச்சை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். முதல் நாளின் அளவும் தீவிரமும் கவனத்தோடு தீர்மானிக்கப்பட வேண்டும் என்பதே. ‘கூடுதல் சந்திப்பு, கூடுதல் நேரம்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கும் முன்மொழிவுகளை எழுதுபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த நோயாளிகளும் சிகிச்சையாளர்களும் உங்களிடம் இருப்பவர்கள்தானா? நேரடிச் சந்திப்பின் பாதுகாப்புக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்க ராணுவ மருத்துவ மையங்களில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு. 50,799 புதிய நோயாளிகளில் சுமார் 45 சதவீதம் பேர் பரிந்துரையின்றி வந்தவர்கள். அவர்களிடம் பிசியோதெரபியால் நேர்ந்த தீங்கு எதுவும் பதிவாகவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அங்கே வந்தவர்களில் இளம் வயதினர் அதிகம். அங்குள்ள பிசியோதெரபிஸ்டுகளுக்கு எக்ஸ்ரே போன்ற பரிசோதனைகளை எழுதித் தரும் அதிகாரமும் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும் அதிகாரமும் இருந்தன. உங்கள் பகுதியில் அந்த அதிகாரங்கள் இல்லையென்றால், அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அதைச் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியை எப்படி நிரப்பப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நேரடிச் சந்திப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை குலுக்கல் முறையில் நடந்தவை அல்ல, கவனிப்பு ஆய்வுகள். தாமாகவே நேரடியாக வருபவர்கள் தொடக்கத்திலேயே கொஞ்சம் ஆரோக்கியமானவர்களாகவும் வசதியுள்ளவர்களாகவும் இருக்கலாம். ஆகவே ‘செலவு குறைகிறது என்று நிறுவப்பட்டுவிட்டது’ என்று எழுதாமல், ‘செலவும் சந்திப்புகளும் குறைவதாகக் கவனிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன’ என்று எழுதுங்கள். சான்றை எவ்வளவு நம்பலாம் என்று தரம்பிரிக்கும் கிரேடு முறையில் உயர், நடுத்தர, குறைந்த, மிகக் குறைந்த என்ற நான்கு நிலைகள் உண்டு. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அதில் ஒன்றைக் குறித்துவிடுங்கள்.

## 7. உங்கள் மையத்தின் எண்களைச் சேருங்கள்

வெளிநாட்டு ஆய்வு எவ்வளவு பெரியதானாலும், முடிவெடுப்பவரின் முதல் கேள்வி ‘நம்மிடம் எப்படி?’ என்பதாகத்தான் இருக்கும். பெரிய ஆய்வு தேவையில்லை. பரிந்துரை எழுதப்பட்ட நாள், முதல் சந்திப்பு நாள், மொத்தச் சந்திப்புகள், இடையில் நின்றவர்கள், தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த ஓர் இயக்கத் திறன் அளவு ஆகிய ஐந்து போதும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, உங்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே. தடையால் வராமலே போனவர்கள் அதில் இல்லை. அணுகல் பற்றிய ஆய்வில் முக்கியமானவர்கள் அவர்கள்தான். அவர்களைக் கண்டுபிடிக்க, பரிந்துரை எழுதும் மருத்துவர்களின் பட்டியலையும் உங்கள் வருகைப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். அனுப்பப்பட்டு வராதவர்கள் எத்தனை பேர் என்பது முன்மொழிவின் மிக வலுவான எண்ணாக அமையக்கூடும்.

இரண்டாவது, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான முன்னேற்றம் முழுவதையும் சிகிச்சையின் பலனாகக் காட்டுவது. புதிதாக வந்த முதுகுவலி முதல் ஆறு வாரங்களில் தானாகவே பெருமளவு குறையும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி வருகிறார், எனவே அடுத்த அளவீடு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாத உங்கள் எண்களைத் தேவையைக் காட்டவும் காத்திருப்பைக் காட்டவும் பயன்படுத்துங்கள். பலனைக் காட்ட வெளியான ஆய்வுகளை நாடுங்கள்.

## 8. பணக் கணக்கு போடுங்கள்

இரண்டு கணக்குகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு. போடும் பணத்துக்கு எவ்வளவு நலன் கிடைக்கிறது என்பது ஒன்று. அடுத்த நிதியாண்டில் யாருடைய பட்ஜெட்டில் எவ்வளவு கூடும், குறையும் என்பது மற்றொன்று. கட்டுரைகளில் முதலாவது கிடைக்கும். நிதிப் பிரிவு கேட்பது இரண்டாவதை.

சேமிப்பு யார் கையில் சேர்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பிசியோதெரபியால் ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் குறைந்தால், மிச்சமாவது எக்ஸ்ரே பிரிவிலும் அறுவைப் பிரிவிலும். கூடுதல் செலவு விழுவது பிசியோதெரபிப் பிரிவின் பட்ஜெட்டில். மொத்தத்தில் லாபம் என்றாலும், தம் பிரிவுக்கு நட்டம் வரும் அதிகாரி கையெழுத்திட மாட்டார். இரண்டு பிரிவுகளுக்கும் மேலே உள்ளவரிடம்தான் இந்தக் கணக்கைக் கொண்டுபோக வேண்டும். தேவைப்பட்டால் 3-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

செலவுக் கட்டுப்பாட்டு விதிகளின் பக்கவிளைவையும் கணக்கில் காட்டுங்கள். அமெரிக்காவில் 1997-இன் சட்டம் மெடிகேரில் வெளிநோயாளி சிகிச்சைக்கு ஆண்டு வரம்பு விதித்தது. பிசியோதெரபிக்கும் பேச்சு சிகிச்சைக்கும் சேர்த்து ஒரே வரம்பு. பக்கவாதத்துக்குப் பின் நடக்கவும் பேசவும் ஒரே நேரத்தில் பயிற்சி தேவைப்படுபவர் எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. பல ஆண்டுகள் ஒத்திவைப்பும் விதிவிலக்குமாக இழுபட்டு, 2018-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஒட்டுமொத்த வரம்பு எதுவானாலும் அதிகம் அடிபடுபவர் அதிகம் தேவைப்படுபவர்தான் என்பதை உங்கள் எண்களைக் கொண்டே காட்ட முடியும்.

## 9. எதிர்வாதங்களுக்கு முன்பே பதில் எழுதுங்கள்

மூன்று கேள்விகள் எப்போதும் வரும்.

‘ஆபத்தான நோயைப் பிசியோதெரபிஸ்ட் தவறவிட்டால்?’ நியாயமான அச்சம் இது. முதுகுவலியாக வருவது புற்றுநோயாகவோ எலும்பு முறிவாகவோ, தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்குவதாகவோ இருக்கலாம். ‘எங்களுக்குப் பயிற்சி இருக்கிறது’ என்று கோபத்தோடு பதில் சொல்லாதீர்கள். எந்த அறிகுறிகளைக் கேட்டுப் பதிவு செய்வோம், கண்டால் எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் அனுப்புவோம், யார் பொறுப்பு என்பதை ஒரு பக்கத்தில் இணையுங்கள்.

‘கதவைத் திறந்தால் கூட்டம் பெருகாதா?’ பெருகக்கூடும். இதுவரை வர முடியாதவர்கள் வருவார்கள், நோக்கமும் அதுதான். ஆனால் சிகிச்சையாளர் எண்ணிக்கை மாறாமல் வாசல் மட்டும் திறந்தால், குரல் உயர்த்தத் தெரிந்தவர்கள் முன்னே வந்து, கடுமையான நிலையில் உள்ளவர்கள் வரிசையில் பின்னுக்குப் போவார்கள். முதல் சந்திப்பை அவசரத்தின்படி பிரிக்கும் முறையை முன்மொழிவிலேயே சேருங்கள். காணொளி வழியான சிகிச்சையைத் தீர்வாக வைத்தால், கருவியோ இணைப்போ செவித்திறனோ இல்லாதவருக்கு என்ன வழி என்றும் எழுதுங்கள்.

‘இது உங்கள் வருமானத்துக்காகத்தானே?’ உங்கள் மையத்துக்கு வருமானம் கூடும் என்றால் முதல் பக்கத்திலேயே அதை அறிவித்துவிடுங்கள். மறைத்து, பின்னால் வெளிப்பட்டால் சான்றுகள் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

## 10. இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்

முதல் பத்தியில் கோரிக்கை: எந்த விதியின் எந்தப் பிரிவு, எப்படி மாற வேண்டும், எந்த நாளிலிருந்து. முடிந்தால் புதிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். வரைவு கையில் இருந்தால் அதிகாரியின் வேலை திருத்துவதோடு முடிந்துவிடும். அதன் பிறகு தடை, உள்ளூர் எண்கள், வெளிச் சான்று, செலவு, ஆபத்தும் அதற்கான ஏற்பாடும் என்ற வரிசை. மற்ற எல்லாம் இணைப்பில்.

உலகளாவிய எண்களை ஒரு வாக்கியத்துக்கு மேல் போடாதீர்கள். 2019-இல் உலகில் 241 கோடிப் பேர் மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கீடு பெரிய உண்மை. மறுவாழ்வு சிகிச்சையைச் சுகாதார அமைப்புகளில் வலுப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2023 மே மாதத்தில் தீர்மானம் நிறைவேற்றியதும் அப்படியே. இவை பின்னணிக்கு உதவும், முடிவுக்கு உதவாது. 241 கோடியை ஒரு மருத்துவமனை நிர்வாகியால் எதுவும் செய்ய முடியாது. அவருடைய வாசலில் காத்திருப்பவர்களுக்கு அவரால் ஏதாவது செய்ய முடியும்.

சிகிச்சையைக் குறிப்பிடும் இடத்தில் ‘பிசியோதெரபி’ என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பயிற்சி, யார் அளிப்பது, எத்தனை முறை, எவ்வளவு நேரம், எங்கே என்று எழுதுங்கள். ஆய்வில் சிகிச்சையை விவரிக்க 2014-இல் வெளியான டைடியர் பட்டியலின் 12 கூறுகள் இதற்கு நல்ல துணை. இல்லையென்றால், ஆய்வில் 12 வாரம் நேரில் தரப்பட்ட பயிற்சி, நடைமுறையில் ஒரு துண்டுப் பிரசுரமாகச் சுருங்கிவிடும். பலன் வராது, பழி சிகிச்சையின் மேல் விழும்.

அனுப்பும் முன், இந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, ‘இவர்கள் என்ன கேட்கிறார்கள்?’ என்று கேளுங்கள். அவருடைய பதில் உங்கள் முதல் பத்தியோடு பொருந்தவில்லை என்றால் மீண்டும் எழுதுங்கள்.

## 11. நேரில் சந்திக்கும்போது

இரண்டு பேர் போதும், அவர்களில் ஒருவர் நோயாளியாக இருக்கட்டும். முழு மாற்றத்துக்குத் தயக்கம் தெரிந்தால் உடனே முன்னோட்டத்தைக் கேளுங்கள்: ஒரு மையம், ஒரு நோய்நிலை, ஆறு மாதம். எந்த அளவு எட்டினால் தொடரும், எது நடந்தால் நிறுத்தப்படும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். நிறுத்தும் நிபந்தனையை நீங்களே முன்வைத்தால், மறுக்க வந்தவருக்கும் ஒப்புக்கொள்வது எளிதாகும்.

தெரியாத கேள்வி வந்தால் அந்த இடத்திலேயே எண்களை ஊகித்துச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தருவதாகச் சொல்லி, அப்படியே தாருங்கள்.

## 12. முடிவு வந்த பிறகு

ஒப்புதல் கிடைத்த அன்று வேலை முடிந்துவிடுவதில்லை. விதி மாறியது முன்பதிவு மேசையில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால், அவர் பழையபடி பரிந்துரைக் கடிதம் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். மூன்றாவது மாதத்தில் ஒரு சாதாரண நோயாளியைப் போலத் தொலைபேசியில் முன்பதிவு கேட்டுப் பாருங்கள். படிவங்கள், கணினித் திரை, கட்டண ரசீது மூன்றிலும் பழைய வாசகம் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

7-ஆம் படியில் எடுத்த அதே ஐந்து எண்களை அதே முறையில் ஆறாவது மாதத்திலும் எடுங்கள். வயது, பாலினம், வருமானம், தூரம் என்று பிரித்துப் பாருங்கள். சராசரிக் காத்திருப்பு குறைந்திருக்கும், ஆனால் தொலைவில் இருப்பவர்களுக்கு எதுவும் மாறியிருக்காது. இப்படி நடப்பது அரிதல்ல.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘தரவு போதாது’ என்பது பதிலாக இருந்தால், எந்தத் தரவு, எத்தனை மாதத்துக்கு, எந்தப் பிரிவிலிருந்து வேண்டும் என்று அதே வாரத்தில் திரும்ப எழுதுங்கள். பதில் கிடைத்ததும் அதன்படி பதிவேட்டில் புதிய நெடுவரிசைகளைச் சேர்த்துவிட்டு, அடுத்த கட்டணத் திருத்தமோ வரைவு விதியோ வரும் மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.